உங்கள் பேரில் ஓர் அடங்கல் இருக்கிறது
(வானொலியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் விதை நேர்த்தியைப் பற்றியோ, மரவள்ளியில் வரும் மாவுப்பூச்சியைப் பற்றியோ பேசப் போவதில்லை. கடனைப் பற்றிப் பேசப் போகிறேன். 'இதென்ன, விவசாய ஆபீசர் பாங்க் மேனேஜர் வேலையைப் பார்க்க வந்துட்டாரே' என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நான் கிராமம் கிராமமாகச் சுற்றிய இத்தனை வருஷத்தில், விதை கிடைக்காமல் பருவம் தவறியவர்களைவிட, கையில் பணம் கிடைக்காமல் பருவம் தவறியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். விதைக்கு வழி சொல்லிவிட்டு, பணத்துக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டால் பாதி வேலைதானே செய்ததாக ஆகும்?

ஆத்தூர் பக்கத்தில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். நாலு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. வருஷா வருஷம் இரண்டு ஏக்கரில் மரவள்ளி போடுவார். யாரிடமும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காத மனுஷர் என்று ஊரே சொல்லும். ஒரு மார்கழிக் கடைசியில் என்னைத் தேடி ஆபீசுக்கே வந்துவிட்டார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"ஏன் சார், என்னைப் பார்த்து நாணயம் இல்லாதவன்னு பாங்க்ல சொல்லிட்டாங்க சார்" என்றார்.

விஷயம் இதுதான். கிசான் கடன் அட்டையில் ஒன்றரை லட்சம் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'உங்க சிபில் மார்க் ஐந்நூத்திச் சொச்சம்தான் இருக்கு, முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதைச் சரி பண்ணுவது, எங்கே போய்ச் சரி பண்ணுவது என்று அவருக்கு விளங்கவில்லை. தை பிறக்கப் போகிறது, கரணை நட வேண்டும்.

அந்த மார்க் என்பது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம்.

நம் நிலத்துக்கு அடங்கல் இருக்கிறது. எந்தச் சர்வே நம்பரில் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு என்று கிராம நிர்வாக அலுவலர் அதில் எழுதி வைக்கிறார். நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது இருக்கிறது. தப்பாக எழுதியிருந்தால், பயிர் இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போதுதான் தெரியவரும். அதைப் போல, வங்கியிலோ பைனான்ஸ் கம்பெனியிலோ கடன் வாங்கிய ஒவ்வொருவர் பேரிலும் ஓர் அடங்கல் இருக்கிறது. இதை எழுதி வைப்பதற்கென்றே நம் நாட்டில் நான்கு கம்பெனிகள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு நடக்கின்றன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று பெயர். இவற்றில் சிபில்தான் மூத்தது, 2000-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்து 'சிபில்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 2005-ஆம் ஆண்டில் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது.

அந்த அடங்கலில் உங்கள் பேரில் எந்தெந்தக் கடன் இருக்கிறது, எந்தத் தேதியில் வாங்கியது, எவ்வளவு பாக்கி, கடந்த 36 மாதத்தில் ஒவ்வொரு மாதமும் தவணை எத்தனை நாள் தள்ளிப் போயிற்று என்பதெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். இவற்றை வைத்து 300-லிருந்து 900-க்குள் ஒரு மார்க் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் நல்ல மார்க் என்பது வங்கிகளின் வழக்கம். இத்தனை மார்க் இருந்தால்தான் கடன் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் விதித்துவிடவில்லை. அது அந்தந்த வங்கி வைத்துக்கொள்ளும் கணக்கு.

அதில் இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு எத்தனை ஏக்கர் நிலம் என்பது அதில் கிடையாது. சேமிப்புக் கணக்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்பதும் கிடையாது. கிழங்கு வியாபாரியிடம் இருபது வருஷமாகக் கைமாற்று வாங்கி, ஒரு தடவைகூடத் தவறாமல் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். அந்த நாணயமும் அதில் ஏறாது. மண்டிக்காரர் நோட்டில் இருக்கிற நல்ல பேர் மண்டியோடு சரி. எனக்கு இதில் வருத்தம் உண்டு. மாதச் சம்பளக்காரர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது. வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ பணத்தைப் பார்க்கிறவனுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை அல்ல. ஆனாலும் அடுத்தவன் நம்மை இந்தக் கண்ணாடி போட்டுத்தான் பார்க்கிறான் என்றால், அந்தக் கண்ணாடியில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

நம்ம ஆத்தூர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய மகன் சேலத்தில் காலேஜில் படிக்கிறான். அவனையே வரவழைத்து, செல்போனில் சிபில் கம்பெனியின் வலைத்தளத்தைத் திறந்து, அவருடைய அடங்கலை எடுக்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்ததும் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையில் ஒரு செல்போன் தவணையில் வாங்கியிருக்கிறான். அவனுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் அப்பாவின் ஆதாரையும் பான் கார்டையும் கொடுத்து, அப்பா பேரிலேயே கடன் எழுதியிருக்கிறார்கள். அப்பாவும் கடையில் ஓர் இடத்தில் கைநாட்டு மாதிரி விரலை மிஷினில் வைத்துவிட்டு வந்ததோடு சரி. மாதம் 1,150 ரூபாய். அப்பா கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி மூன்று மாதம் கணக்கில் பணம் இல்லை. தவணை திரும்பிவிட்டது. கம்பெனிக்காரர்கள் போன் பண்ணியிருக்கிறார்கள். கொடுத்திருந்த நம்பரோ பையனுடைய பழைய நம்பர். சிம்மை மாற்றி எத்தனையோ நாளாயிற்று. ஆக மொத்தம் 3,450 ரூபாய். அதுதான் அப்பா பேரில் கரும்புள்ளியாக நின்றுகொண்டிருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. மச்சான் வாங்கிய டிராக்டருக்கு இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். மச்சான் இரண்டு தவணை தாமதம். 'கடன் அவன் வாங்கினது, என் பேர்ல எப்படி சார் வரும்?' என்று கேட்டார். வரும். ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் உங்கள் அடங்கலிலும் ஏறும். அவர் தவறினால் உங்கள் பேரிலும் தவறியதாகவே எழுதுவார்கள். சொந்தக்காரனுக்கு ஜாமீன் போடாதே என்று நான் சொல்ல மாட்டேன். போடாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச முடியாது, எனக்கும் தெரியும். போட்டால், தவணை கட்டிய ரசீதை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு என்பதை அப்போதே சொல்லிவிட்டுப் போடுங்கள்.

அந்தத் தை மாதம் அவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. இதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. மறுநாளே பாக்கியைக் கட்டினாலும், அது அடங்கலில் ஏறி, மார்க் தேறி வருவதற்குள் நடவுப் பருவம் போய்விடும். கிழங்கு வியாபாரியிடமே மூன்று வட்டிக்கு ஒன்றரை லட்சம் வாங்கினார். பத்து மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள். மாதம் 4,500 வீதம் 45,000 ரூபாய் வட்டி. கிசான் கடன் அட்டையில் வட்டி 7 சதவீதம். குறித்த தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4 சதவீதம்தான். அதே ஒன்றரை லட்சத்துக்குப் பத்து மாதத்தில் 5,000 ரூபாய். வித்தியாசம் 40,000 ரூபாய். அதோடு போயிற்றா? கிழங்கை அந்த வியாபாரிக்கே போட வேண்டும் என்று பேச்சு. அவர் சொன்னதுதான் பாயிண்ட், அவர் வைத்ததுதான் விலை. 3,450 ரூபாய்க்குப் பிடித்த சனி இத்தனை தூரம் இழுத்துக்கொண்டு போயிற்று.

சரி, பாக்கியைத் தீர்க்கப் போன இடத்தில் ஒரு சங்கதி நடந்தது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், நிறையப் பேர் இடறி விழுகிற இடம் இது. அபராதமெல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். பிறகு வசூல் செய்ய வந்தவர், 'மூவாயிரம் கட்டுங்க, செட்டில்மெண்ட் போட்டு முடிச்சுக்கலாம்' என்றார். ஆத்தூர்க்காரருக்கு ஒரே சந்தோஷம். நான்தான் தடுத்தேன். ஏனென்றால் பேசிக் குறைத்துக் கட்டினால், அடங்கலில் 'செட்டில்டு' என்று எழுதுவார்கள். முழுக்கக் கட்டினால் 'குளோஸ்டு' என்று எழுதுவார்கள். நமக்கு இரண்டும் கடன் தீர்ந்தது என்றுதான் படும். வங்கிக்காரர் கண்ணுக்கு முதலாவது, இந்த மனுஷர் சொன்னபடி முழுசாகக் கட்டவில்லை என்று படும். அந்த வார்த்தை வருஷக்கணக்கில் கூடவே வரும். அபராதத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கேட்டோம், கொஞ்சம் குறைத்தார்கள். 'குளோஸ்டு' என்றே எழுத வேண்டும் என்பதை முதலிலேயே பேசிக்கொண்டு, மீதி முழுவதையும் கட்டி, 'கடன் பாக்கி இல்லை' என்று கம்பெனி லெட்டரில் சான்று வாங்கினோம். அந்தக் காகிதத்தைப் பட்டா வைத்திருக்கிற பையிலேயே வைக்கச் சொன்னேன்.

பெரிய கடனை உண்மையிலேயே கட்ட வழியில்லாதவர்கள் ஒரே தவணைத் தீர்வுத் திட்டத்தில் முடித்துக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. அதற்கு விலை என்ன என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள், அவ்வளவுதான்.

பணம் கட்டி இரண்டு மாதம் ஆன பிறகும் அடங்கலில் பழைய பாக்கியே நின்றது. இதுவும் சகஜம். 2025 ஜனவரியிலிருந்து 15 நாளுக்கு ஒரு தடவையாவது வங்கிகளும் கம்பெனிகளும் புதுக் கணக்கை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஆனாலும் விட்டுப்போகிறது. என் கதையையே சொல்கிறேனே. மோட்டார் சைக்கிள் கடன் ஒன்றை நான் கட்டி முடித்து ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால், என் பேரில் அது உயிரோடு இருந்தது. ஊருக்கெல்லாம் மண் பரிசோதனை செய்து பார் என்று சொல்கிறவன், என் சொந்தக் கணக்கை 41 வயது வரை எடுத்துப் பார்த்ததில்லை!

தப்பு இருந்தால் என்ன செய்வது? அந்தக் கம்பெனியின் வலைத்தளத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. கடன் கொடுத்த வங்கியிலும் எழுதிக் கொடுத்துத் தேதி போட்ட ஒப்புகை வாங்கலாம். 30 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் போனால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. அப்படியும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 2022 செப்டம்பரிலிருந்து இந்தக் கம்பெனிகளும் அவர் எல்லைக்குள் வந்துவிட்டன. வழி கேட்க 14448 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். ஆத்தூர்க்காரருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. பாக்கி இல்லை என்ற சான்றின் நகலை இணைத்துப் புகார் கொடுத்தோம், மாதம் முடிவதற்குள் திருத்திவிட்டார்கள்.

அடங்கலை எடுத்துப் பார்க்கவும் காசு வேண்டாம். நான்கு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 2017-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பான் கார்டு அல்லது வாக்காளர் அட்டை போன்ற ஓர் அடையாளமும், உங்கள் கையில் இருக்கிற செல்போன் நம்பரும் போதும். மகனோ மகளோ பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார்கள். நாமே எடுத்துப் பார்ப்பதால் மார்க் குறையாது, பயப்பட வேண்டாம். குறைவது எப்போது என்றால், ஒரே வாரத்தில் நாலைந்து இடத்தில் கடன் கேட்டு விண்ணப்பம் போட்டால்தான். பணத்துக்கு அலைகிற ஆள் என்று கணக்கு அப்படி எடுத்துக்கொள்ளும். 'சிபிலை ஏத்தித் தர்றேன், அஞ்சாயிரம் கொடுங்க' என்று கிளம்பியிருக்கிற ஆசாமிகளுக்குக் காசும் கொடுக்காதீர்கள், போனுக்கு வருகிற ரகசிய எண்ணையும் சொல்லாதீர்கள். உண்மையான பாக்கியை எவனாலும் அழிக்க முடியாது.

எப்போது பார்ப்பது? பணம் தேவைப்படுகிற வாரத்தில் பார்த்து என்ன பயன் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். நடவுக்கு நாலைந்து மாதம் முன்னாலே பாருங்கள். தையில் கரணை நடுகிறவர் ஆவணியில் பார்க்கட்டும். குறுவைக்காரர் பொங்கல் கழித்துப் பார்க்கட்டும்.

இனித் தவணைத் தேதி. மார்க்கைத் தூக்குவதிலும் இறக்குவதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. எவ்வளவு பெரிய கடன் என்பதைவிட, சொன்ன தேதியில் கட்டினீர்களா என்றுதான் பார்ப்பார்கள். பயிர்க்கடனில் இரண்டு பயிர்ப் பருவம் பாக்கி நின்றால்தான் வாராக்கடன் என்று எழுதுவார்கள். மரவள்ளி மாதிரி ஒரு வருஷத்துக்குள் முடிகிற பயிர்களுக்கெல்லாம் அந்தக் கணக்குத்தான். செல்போன் கடனுக்கு அந்தச் சலுகை இல்லை, 90 நாள்தான். ஆகவே சின்னக் கடன்தானே என்று விடாதீர்கள். டிராக்டர், மாடு, மோட்டார் என்று எந்தக் கடன் வாங்கினாலும், கையெழுத்துப் போடும் முன், 'எனக்குப் பணம் வருவது அறுவடைக்குத்தான், ஆறு மாதத் தவணையாகப் போடுங்கள்' என்று கேளுங்கள். விவசாயக் கடனுக்கு அப்படிப் போட்டுக் கொடுக்கிற வங்கிகள் இருக்கின்றன. மாதத் தவணை பால் மாட்டுக்குப் பொருந்தும். பத்து மாதம் மண்ணுக்குள் கிடக்கிற கிழங்குக்கு எப்படிப் பொருந்தும்?

கிசான் கடன் அட்டையில் வட்டியை மட்டும் கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால், அதை உங்கள் கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முழுத் தொகை கட்ட வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மழை வெள்ளத்தால் பயிர் போய், அரசாங்கம் பாதித்த பகுதி என்று அறிவித்தால், தவணைத் தேதி வருவதற்கு முன்பே வங்கிக்குப் போய், கடனைத் திருத்தி நாள் கொடுக்கும்படி எழுதிக் கேளுங்கள். தேதி போன பிறகு கேட்பது வெள்ளம் வந்த பிறகு வரப்பு போடுவதைப் போல.

தள்ளுபடி வரும் என்று காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. நம்மில் பலருக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் அது கூட்டுறவுக் கடனுக்கு. அதை நினைத்து வங்கிக் கடனையும் பைனான்ஸ் கடனையும் கட்டாமல் இருந்தவர்கள் அடங்கலில்தான் மாட்டிக்கொண்டார்கள். கூட்டுறவுச் சங்கத்திலேயே சிபில் பார்க்கப் போகிறார்கள் என்று 2025-இல் கிளம்பிய பேச்சும், அதற்கு விவசாயிகள் காட்டிய எதிர்ப்பும் உங்களுக்கு நினைவிருக்கும்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குழுக் கடன் என்று வீட்டு வாசலுக்கு வந்து கொடுக்கிறார்களே, அந்தக் கம்பெனிக் கடனும் உங்கள் பேரில் தனித்தனியாக ஏறுகிறது. வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகும்படி கடன் கொடுக்கக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. 'எனக்குப் பதிலா உன் பேர்ல எடுத்துக் கொடு அக்கா, நான் கட்டிடறேன்' என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், அந்த விதியையே சொல்லித் தட்டிக் கழியுங்கள்.

இதுவரை எந்தக் கடனும் வாங்காத இளைஞர்களுக்கு மார்க்கே இருக்காது. முந்தைய கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி முதல் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். முதல் கடன் சிறியதாக, சமாளிக்கக் கூடியதாக இருக்கட்டும்.

ஆத்தூர்க்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மச்சான் கடலை விற்ற கையோடு டிராக்டர் தவணையைக் கட்டினார். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது என்று கேள்வி, நான் விசாரிக்கவில்லை. மார்க் மெதுவாகத்தான் ஏறியது. மறு வருஷம் ஆவணியில் எடுத்துப் பார்த்தபோது அறுநூறைத் தாண்டியிருந்தது. வங்கியில் ஒன்றரை லட்சம் கேட்ட இடத்தில் எண்பதாயிரம் கொடுத்தார்கள். மீதிக்கு மறுபடியும் வியாபாரியிடம்தான் போனார். ஆனால் பாதிக் கிழங்குக்குத்தான் பேச்சு. மற்றப் பாதியை, மூன்று இடத்தில் பாயிண்ட் கேட்டு, நல்ல விலை சொன்ன ஆலைக்குப் போட்டார். வட்டியும் அசலும் தேதிக்கு நாலு நாள் முன்பே கட்டியாயிற்று. ரசீதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் முழுசாக் கேக்கப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் இப்போது சேலத்தில் வேலைக்குப் போகிறான். புது செல்போன் வாங்கியிருக்கிறான், அவன் பேரிலேயே.